மேடையில் சொல்லவிடாத சொல்

டொக், டொக். மோதிரம் போட்ட விரல் மேசையில் தட்டும் ஓசை. எத்தனையோ வருடம் போய்விட்டது. எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் முதலில் அதுதான் என் காதில் விழுகிறது. சுகாதாரப் பிரசங்கம் லேசான தொழில். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்கத் தெரிந்தால் போதும். என்னைப்போல் மேடையேறி வதைபட்டவர்களானால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதிய பேச்சு

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். நான் மட்டக்களப்புப் பட்டினத்தில் ஆசிரியை. வாவிக்கரை ஊர்களில் பிறந்த பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து செத்துக்கொண்டிருந்தன. பேய் பிடித்தது என்றார்கள். பேயில்லை, தொப்புள்கொடி அறுத்த கத்தி. கத்தியைக் கொதிநீரில் போட்டெடுங்கள், அறுத்த இடத்தில் சாம்பல் வைக்காதீர்கள். விஷயம் இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி எனக்கு விளக்கியதை, கேட்டவள் வீட்டுக்குப் போய் அடுத்தவளுக்குச் சொல்லக்கூடிய விதமாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் திருத்தினேன்.

இதைப் பேச வாவிக்கரை ஊரொன்றில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் அந்த ஊரின் அரசாங்கத் தலைமைக்காரரான உடையார். பேச்சை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றார். கொடி, பேறு, வயிறு எல்லாவற்றையும் பென்சிலால் அடித்தார். ஆண்கள் இருக்கிற சபையாம். பிறகு என்ன மிச்சம் என்று கேட்டேன்.

"நல்ல தமிழ் மிச்சம் இரிக்கிதானே புள்ள. அது காணும்."

வெற்றிலைத் தட்டு

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் ஆண்கள் முன்னால். பெண்கள் பின்னால், தென்னங்கிடுகுத் தட்டி மறைப்புக்கு அப்பால். கோயிலில் தாய்வழி வம்சங்களான குடிகளுக்கு எந்த வரிசையில் மரியாதையோ, கூட்டத்திலும் அதே வரிசையில் வெற்றிலை கொடுக்க வேண்டும். தட்டைத் தூக்கிவந்தவன் இரண்டாம் குடிக்காரருக்கு முதலில் நீட்டிவிட்டான். அதோடு என் பிரசங்கம் பின்னுக்குப் போனது. தாத்தன் காலத்து வழக்கெல்லாம் எழும்பி வந்தது.

அந்த அமளிக்குள் ஒரு பெண் பக்கவாசலால் வந்து என் காதில் சொன்னாள். தட்டிக்குப் பின்னால் பூரணம் இருக்கிறாள், வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்தவள், நிறைமாதம், முந்திய இரண்டு பிள்ளைகளும் வலிப்பில் போனவை. காற்று எழும்ப முன்னம் தோணிக்காரன் திரும்பவேண்டும் என்கிறான். நான் அவளிடம் போக எழுந்தேன். சபை மரியாதை முடியாமல் பேச்சாளர் கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்று தடுத்தார்கள். சொல்லியனுப்பலாம் என்று திரும்பினால், செய்தி கொண்டுவந்தவளும் போய்விட்டிருந்தாள். முதற்குடிக்காரர் என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்:

"பேச்ச நாளைக்கும் பேசலாம் புள்ள. வரிசை போனாப் போனதுதான்."

கைதட்டல்

வெயில் சாயும்போது என்னை அழைத்தார்கள். கிணறு, குப்பை, கொசு என்று உடையார் விட்டுவைத்ததை விரைவாகச் சொல்லி முடித்தேன். பிறகு, "பிள்ளை பிறந்ததும் தொப்புள்..." என்றேன். டொக், டொக். உடையாரின் மோதிர விரல் மேசையில். மறுபடி தொடங்கினேன். டொக், டொக், டொக். மூன்றாம் முறை குரலை உயர்த்தியபோது உடையாரே எழுந்து நன்றியுரை தொடங்கிவிட்டார். நல்ல கைதட்டல்.

நான் இறங்கித் தட்டிக்குப் பின்னால் ஓடினேன். பாய்கள் கிடந்தன. பாய் சுருட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, பூரணத்தின் தோணி போய்விட்டது என்றாள். என் முகத்தைப் பார்த்து ஆறுதலுக்கென்று இதையும் சொன்னாள்:

"உங்கட குரல் நல்லாக் கேட்டிச்சி ரீச்சர். விசயந்தான் இஞ்சால வரல்ல."

அக்கரை

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், ஒரு புதுக் கத்தியோடு வாவியைக் கடந்தேன். கூட்டத்துக்கு மறுநாளே பூரணம் பெற்றிருந்தாள். பெண்பிள்ளை. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. கையைத் தொட்டாலே உடம்பு விறைத்தது. பூரணம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கூட்டத்தில் நீ என்னதான் சொல்ல இருந்தாய் என்று அவளுடைய தாய் கேட்டாள். சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். அதில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா கா? இதச் சொல்லவா ஏலாமப் போன?"

கேட்க வேண்டியவர்களைத் தட்டிக்கு அப்பால் வைத்துவிட்டு, கேட்காதவர்களிடம் மாலை வாங்குகிற தொழில் இது. அடுத்த வருடம் அதே மண்டபத்தில் எனக்கும் ஒன்று போட்டார்கள்.

பூரணத்துக்கு அதன்பின் பிள்ளை பிறக்கவில்லை.