சிலுவைமுத்துவின் வெள்ளைப் பங்கு

சிலுவைமுத்து துறைமுகத்தில் என்னோடு ஒரே கேங்கில் மூட்டை தூக்கினான். வேலையில் சூரன்; பொண்டாட்டி விஷயத்தில் மட்டும் சந்தேகப் பிராணி. அவள் ஃப்ளோரன்ஸ், ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்று வெட்டியும் கொடுப்பாள். எவனாவது அவளிடம் சிரித்துப் பேசினால் இவனுக்கு வயிறு எரியும்.

வாங்குகிறவர் வேண்டாமென்று விடும் குடலும் சினையும் வெட்டுகிறவளுக்குச் சொந்தம். அதில் ஆண் மீன் வயிற்றிலிருக்கும் வெள்ளை விந்துப் பையை மிளகு போட்டு வறுத்துப் புருஷனுக்கு வைப்பாள். பிள்ளைக்குக்கூடக் கிடையாது. எழுபத்திரண்டாம் வருஷம் திடீரென்று அது தட்டில் வருவது நின்றுபோனது.

"இன்னாடி, வெள்ளை எங்க?"

"காலேஜ்ல வேலப்பன்னு ஒருத்தரு. ஏதோ டெஸ்ட் பண்ண ஓணும்னு ஐஸ்ல போட்டு வாங்கினு போறாரு."

"என் பங்க இன்னொருத்தனுக்கு குடுக்கறியா?"

"இன்னாயா பேசற? துன்றதுக்கா வாங்கறாரு?"

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினான். கையில் மூட்டைக் கொக்கி. அதைப் பார்த்துத்தான் நானும் கூடவே ஓடினேன்.

லேபில் நின்றிருந்த வேலப்பன் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆள். எங்களைக் கவனிக்கவேயில்லை. அரைத்த வெள்ளையை உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மேலே ஜில்லென்ற ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றினார். கண்ணாடிக் குச்சியைச் சுழற்ற, பஞ்சு நூல் போல ஏதோ அதில் சுற்றி ஏறியது.

கொக்கி தாழ்ந்தது. "இன்னா நைனா இது?"

"டி.என்.ஏ.ண்ணே. நியூக்ளிக் அமிலத்துல ஒரு வகை. மீன் குஞ்சு மீனா வளரணும்ன்ற உத்தரவு இதுலதான் கீது. ஆர்.என்.ஏ.ன்னு இன்னொரு வகை, உத்தரவைக் காப்பி எடுத்துனு போவும். அதும்படி ஒடம்பு புரோட்டீன் செய்யும். செடி, கொசு, நீங்க, நானு, எல்லாருக்கும் இதேதான். புள்ளைக்குப் பாதி அப்பன்கிட்டேந்து, பாதி ஆத்தாகிட்டேந்து. மீனுல அப்பன் பாதி இந்த வெள்ளையில கீது."

"நீ துன்னலியே?"

"ஐயே! நான் சைவம்ணே."

சிலுவைமுத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஃப்ளோரன்ஸ் முகம் மலர்ந்தது.

"அப்ப நம்ம பொண்ணு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு குந்தறது உன் பாதிதான்யா! எவ்ளோ தெரியுது அவருக்கு! நாளைக்கு வந்தா இன்னும் கேக்கணும்."

அவன் சிரிப்பு அங்கேயே நின்றது.

மறுநாள் விடியலில் மார்க்கெட்டுக்குப் போய், அவள் வெட்டி எடுத்த வெள்ளையை ஐஸ் டப்பாவில் போட்டு அவனே கல்லூரிக்குக் கொண்டுபோனான். பிறகு தினமும் அதே வேலை. வேலப்பனுக்கு மார்க்கெட் பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சிலுவைமுத்துவின் தட்டில் வெள்ளை வரவேயில்லை.