பூட்டிய கோர்ட்டில் கேட்ட சாட்சி

இது கட்டுக்கதை இல்லை. என் காதால் கேட்டது. இந்தக் காலத்து ஆட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். முகம் தெரியாதவன் போனில் அனுப்புகிற குப்பையை நம்பி நாலு பேருக்குத் தள்ளிவிடுவார்கள். எதிரே நின்று ஒரு கிழவன் சொன்னால் மட்டும் ஆதாரம் கேட்பார்கள். நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ.

என் ஒரே பையன் மரமில்லில் ரம்பத்தில் மாட்டிச் செத்தான். அப்போது கூட இருந்தது மேஸ்திரி ஒருத்தர்தான். அவர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, "குடிச்சுட்டு வந்து கையை விட்டான்" என்று சொல்லிவிட்டார். என் பையன் சோடாகூடத் தொடமாட்டான், ஏப்பம் வரும் என்று. நஷ்டஈட்டை நாய்க்குப் போடட்டும். அந்த ஒரு வார்த்தை அழியவேண்டும். அதற்குத்தான் அலைந்தேன்.

நான் பிடித்த வக்கீல் ஆபீஸ் வாசலில் பெரிய போர்டு. விபத்து, விவாகரத்து, நிலத் தகராறு, அடிதடி, உயில், எல்லா வழக்கும் நடத்தப்படும்.

"பல்லு வலியும் பார்ப்பீங்களா?" என்றேன்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. "உக்காருங்க பெரியவரே. கோர்ட்ல மூணு தடவ கூப்பிடுவாங்க. குரல் குடுக்கலேன்னா கேஸ் போச்சு. அதை மட்டும் மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு எங்கள் வக்கீலம்மா மேஸ்திரியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள். "உண்மையைக் கக்க வெச்சுடுறேன், பாருங்க" என்று சொல்லியிருந்தார். காலையிலிருந்து மேஸ்திரி வரவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். பேர் கூப்பிடுகிற சேவகர், கோர்ட் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வராந்தாவில் நான் மட்டும்.

சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பது.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பூட்டைப் பார்த்தேன். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எலி, பூனை ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு பேர் கேட்டது. என் பையன் பேர். முன்னால் என் பேரும் சேர்த்து, கோர்ட்டில் கூப்பிடுகிற அதே இழுவையில்...

செத்தவனை எவன் கூப்பிடுவான்?

எழுந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். காலி நாற்காலிகள். காலி மேடை. விசிறி சுற்றவில்லை. ஒரு ஆள் கிடையாது.

"இருக்கேன்."

அவன் குரல். காலையில் எழுப்பினால் சொல்வானே, பாதித் தூக்கத்தில்... அதே "இருக்கேன்."

ஜன்னல் கண்ணாடியில் காதை வைத்தேன்.

அடுத்து மேஸ்திரி பேர். ஒரு தடவை. பதில் இல்லை.

இரண்டாம் தடவை. இல்லை...

மூன்றாம் தடவை.

"இருக்கேன் ஐயா."

இது உள்ளே இருந்து வரவில்லை. என் தோளுக்குப் பின்னால்.

திரும்பினேன். யாரும் இல்லை. பச்சை மரத்தூள் வாசம் மட்டும்... மூக்கை அடைத்தது.

அந்த வாசம் என்னைக் கடந்து போனது. கதவை நோக்கி. கதவு திறக்கவில்லை.

உள்ளே என் பையன் கேட்டான். "அன்னிக்கு நான் குடிச்சிருந்தேனா?"

மேஸ்திரி குரல் வந்தது.

"இல்ல தம்பி."

"கை படாம இருக்கப் போட்ட ரம்பத்து மூடி?"

"முதலாளி கழட்டச் சொன்னாரு... வேலை ஓடலேன்னு."

அவ்வளவுதான்.

சேவகர் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே போனவர் கத்தினார். "எவன்யா சாட்சிக் கூண்டுல மரத்தூளைக் கொட்டினது? காலையிலதானே கூட்டினேன்!"

கோர்ட் கூடியதும் மில் வக்கீல் எழுந்து, மேஸ்திரி வரும் வழியில் இறந்துவிட்டார் என்றார். நெஞ்சுவலியாம்.

அவரை ஏற்றி வந்த மில் டிரைவர் வெளியே நின்றான். "ஒண்ணு நாப்பது இருக்கும் பெரியவரே. நல்லாத்தான் பேசிட்டு வந்தாரு. திடீர்னு ரெண்டு தடவ திரும்பித் திரும்பிப் பார்த்தாரு. யாரு கூப்பிடுறாங்கன்னு கேட்டாரு. அப்புறம் கையைத் தூக்கி, 'இருக்கேன் ஐயா'ன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

நான் வக்கீலம்மாவிடம் ஓடினேன். கேட்டதை எல்லாம் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

"சரி பெரியவரே. இதை யார்கிட்ட சொல்லச் சொல்றீங்க?"

"ஜட்ஜ்கிட்ட."

"அது சாட்சி ஆகாது. அவர் முன்னாடி சொன்னதுதான் பதிவுல இருக்கு. குறுக்கு விசாரணை பண்ண இப்ப அவரே இல்ல."

"அப்போ, குடிச்சான்கிறது?"

அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்தார். "அது அப்படியேதான் இருக்கும். பார்ப்போம், அடுத்த வாய்தாவுல வேற வழி தேடுறேன்."

அங்கே ஜெயித்துவிட்டான் என் பையன். எங்கே என்று கேட்காதே. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல்ல வைக்கத் தெரிந்தவர்கள், நாலு பேர் இருக்கும்போது சொல்ல வைத்தால் என்ன? கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு கிழவன் காதில் மட்டும் ஏன்?

துண்டை உதறித் தோளில் போட்டேன். மரத்தூள் பறந்தது. பின்னால் சேவகர் அடுத்த கேஸுக்கு யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.