பாங்கு நேரத்துக் கிரேக்க வீரன்

துபாயிலிருந்து வந்த மாடிவீட்டுக்காரர் பெட்டியைத் திறந்ததும் படியிறங்கி வந்த சென்ட் வாசனை, முத்துப்பேட்டையில் இன்று மருந்துக்கடையாகிவிட்ட ஜமீலா லாத்தா வீட்டுக் கூடத்தில் என்னை உட்காரவைத்தது. லாத்தா எங்களுக்கு அக்கா முறை; அவர் கணவரை நாங்கள் மச்சான் என்போம். சவூதியிலிருந்து அவர் கொண்டுவந்த டிவியின் பூப்போட்ட உறையிலும் அந்த வாசனைதான். ஞாயிறு மாலைகளில், டப்பிங் தொடரில் தமிழ் பேசும் கிரேக்க வீரன் பாம்பின் தலைகளையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு வாயைத் திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டிவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார்.

ஒருநாள் அந்த வீரன் மனைவியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். பாங்கு முடிவதற்குள் அவன் கப்பல் கிளம்பிவிட்டது.

"என்ன லாத்தா சொன்னான்?"

"என்னத்த சொல்லுவான், பெருநாளைக்கு வந்துடுறேம்பான். ஒங்க மச்சானும் ரெண்டு வருஷமா அதத்தானே சொல்றாங்க."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கப்பல் திரும்புமா என்றே பார்த்திருந்தேன். பெருநாளுக்கு முந்திய ஞாயிறு, வீரன் கரையிறங்கி மனைவியைக் கூப்பிட்டபோது வாசலில் கார் வந்து நின்றது. மச்சான் கூடத்தில் பெட்டியை இறக்கிவைத்துப் பேசத் தொடங்கினார். பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. லாத்தா வீரனின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டார்.