பச்சைக் காய் பறித்த பேய்

எனக்கு உயிரான படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்ணை மூன்று பேர் கொன்றுவிடுவார்கள். அவள் வெள்ளைப் புடவையில் திரும்பி வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவாள். இருபது தடவையாவது பார்த்திருப்பேன். அதை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து நாகலூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த என் அக்கா, என் மனைவி செய்த பிரியாணியைப் பார்த்து, "சோறு குழைஞ்சு களியாப் போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தது தயிர்ப்பச்சடி கேட்க மட்டும்தான். அன்றிலிருந்து மனைவி என்னோடு பேசவில்லை. மூன்றே நாளில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. பேய்ப்படம் போட்டால் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மழை, எஸ்டேட்டில் வேலை இல்லை. மதியம் டிவியில் படத்தைப் போட்டேன். அவள் தள்ளி உட்கார்ந்து பூண்டு உரித்தாள். படத்தில் அந்தப் பெண் கிளையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பன்னிரண்டு வருடமாக எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பச்சைக் காயையும் சேத்து உருவுறாளே! பழம் எடை போடுற எங்க ரைட்டர் பாத்தா கொன்னே போடுவாரு."

பேசிவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொலை நடந்தது. பனிமூட்டத்தில் பேய் வந்தது.

"மழைக்காலத்துல செருப்பில்லாம வர்றாளே, அட்டை கடிக்காதுங்களா?"

"கடிக்கும் கண்ணு, நொம்பக் கடிக்கும்" என்றேன். இத்தனை வருட விசுவாசத்தை ஒரு நொடியில் விற்றுவிட்டேன்.

மூன்று பேரும் செத்து, படம் முடிந்தது. "எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஒருத்தனை உட்டுட்டாளே."

"யாரை?"

"பங்களா சன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு, கம்முனு சோறு தின்னுட்டிருந்தானே சமையக்காரன், அவனை. மொதல்ல அவனைத்தான் புடிச்சிருக்கோணும்."

பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். இருபது தடவை பார்த்த படத்துக்கு அன்றுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

உடனே அக்காவுக்கு போன் போட்டு, சமையலறைக்குக் கேட்கும்படி சொன்னேன்: "அக்கா, அன்னிக்குப் பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு. நீ சொன்னது தப்பு. அப்பவே சொல்லியிருக்கோணும்."

"மூணு நாள் கழிச்சு இப்ப என்ன சாமி வந்துச்சு உனக்கு?"

"பேய் வந்துருச்சுக்கா."

சமையலறையில் பூண்டுத் தட்டு கீழே விழுந்தது. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.