வாசலை மறித்த பலகை

2011இல் பிரெஞ்சுத் தலைநகரின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் விமான டிக்கெட் போடும் கடையொன்றில் வேலை செய்தேன். பக்கத்துப் போன் கடைக்காரருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு நிற்பவள். அவரோ நித்திரை முறிந்த நேரத்துக்குத்தான் கடை திறப்பார். திறந்ததும் தன் விளம்பரப் பலகையை எங்கள் வாசலை மறித்து வைப்பார். நான் தள்ளி வைப்பேன், அவர் திரும்ப இழுப்பார். அப்போது இரண்டு வருடமாக இதே கூத்து.

அந்த வருடம் எனக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கலியாணம் முடிந்தால் வேலைக்கு விடமாட்டார்களாம். எனக்குத் துளியும் விருப்பமில்லை. எத்தனை தரம் சொல்லியும் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை.

எங்கள் ஆட்கள் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் ஒரு சம்பந்தமும் முடிக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் மாமி லண்டனிலிருந்து வந்து, போன் கார்ட் வாங்குகிற சாட்டில் விசாரித்தது, அந்தத் தெருவிலேயே என்னோடு அதிகம் சண்டை பிடிக்கிற அந்த மனிதரிடம்.

“பக்கத்துக் கடைப் பெட்டை எப்பிடித் தம்பி?”

“எனக்கும் அவவுக்கும் நிச்சயமாச்சு அன்ரி,” என்றாராம்.

மாமி வந்த வழியே போய்விட்டார். பின்னேரத்துக்குள் கனடாவிலிருந்துகூட வாழ்த்துச் சொல்லிப் போன் வந்தது. எனக்கு இரத்தம் கொதித்தது. நேரே அவர் கடைக்குப் போனேன்.

“ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?”

“வேலைக்கு விடமாட்டம் எண்டு மனுசி பெருமையாச் சொன்னா. நீர் காய்ச்சலோடையும் வேலைக்கு வாற ஆள். வாயிலை வந்திட்டுது.”

“வேண்டாமெண்டு சொல்லுறதெண்டா நானே சொல்லுவன். ஞாயிறு மூண்டு மணிக்கு வந்து அப்பாட்டைப் பொய்யெண்டு சொல்லும்.”

ஞாயிறு சரியாக மூன்று மணிக்குக் கார்ஜ் புறநகரில் எங்கள் வீட்டு மணி அடித்தது. அவர் நேரத்துக்கு வந்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்குள் நான் லண்டன் வேண்டாம் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லி முடித்திருந்தேன்.

“நான் சொன்னது பொய் ஐயா,” என்றார். பிறகு செருமினார். “ஆனா இப்ப உண்மையாக் கேக்கிறன்.”

“இனியென்ன, ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நாள் பாப்பம்,” என்று அப்பா கலண்டரைக் கழற்றினார்.

“பொறுங்கோ ஐயா. நான் கேட்டது இவவை.”

அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“முதல் அந்தப் பலகையை எடும்.”

“நீர் ஓம் எண்டா எடுக்கிறன்.”

“எடுத்தாத்தான் சொல்லுவன்.”

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அவரும் எடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா கலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

நாலாம் கிழமை திங்களன்று, காலை ஒன்பது மணிக்கே அவர் கடை திறந்திருந்தது. பலகை மட்டும் பழையபடி எங்கள் வாசலில். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கடைக்குள் வைத்தேன்.

“ஓம்,” என்றேன். “அப்பாட்டை நானே சொல்லுறன்.”