வெண்கலக் கிருஷ்ணனுக்கு ஒரு ஸ்வெட்டர்

பேரனின் ஸ்வெட்டரை இன்று பெட்டியிலிருந்து எடுத்தபோது, பாச்சை உருண்டை வாசனையோடு, இப்போது இடித்துவிட்ட வடக்கே நான் வளர்ந்த எங்கள் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸும் அதன் நடுவிலிருந்த புல்தரையும் வந்து நின்றன. குளிர்கால மத்தியானங்களில் பஞ்சாபிப் பெண்கள் அந்த வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, ஊசியைப் பார்க்காமலே வம்பு பேசிக்கொண்டு பின்னுவார்கள்; சிறுமியான நானோ கண்ணை எடுக்காமல் பின்னியும் கண்ணி நழுவும், பின்னியதைவிடப் பிரித்ததே அதிகம்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் பூஜையறைக் கண்ணனுக்குக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வெண்ணெய்க் கையைத் தூக்கித் தவழும் எங்கள் வெண்கலக் கிருஷ்ணனையும் மார்கழி பஜனையன்று அப்படிப் பார்க்க ஆசைப்பட்டு, எனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில், மனிதர்கள் தலைவழியே போடுவதைப் போலவே, சிவப்பு உல்லனில் ஒன்று பின்னி முடித்தேன்.

பஜனையன்று கூடம் நிறைய மாமிகள். தலை நுழைந்தது, தூக்கிய கை நுழையவில்லை. இழுக்க இழுக்க சுவாமியின் முகம் கம்பளிக்குள் சிக்கிக்கொண்டது.

“கையைக் கொஞ்சம் மடக்கிக்கோடா கண்ணான்னு சொல்லிப் பாரேன்டி,” என்றாள் மாடிவீட்டு மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. “ஜல்தி போய் கத்திரிக்கோல் கொண்டுவா. சுவாமிக்கு மூச்சு முட்டறது,” என்றாள். அதுதான் சிரிப்பைவிடச் சுட்டது.

நானே கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்தாள். தீபாராதனைக்கு எல்லோரும் முன்னால் வந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சுவாமியின் மூக்கில் ஒரு சிவப்பு இழை ஒட்டியிருந்தது. கிட்டே போய் அதை எடுத்துவிட எனக்குத் தைரியம் வரவில்லை.