கல் என்று சொன்ன வருத்தம்

என் மனுசன் கிறகோரி இப்போதெல்லாம் ஓரிடத்தில் இருப்பதில்லை. கதிரையில் இருந்தால் எழும்புவார். எழும்பினால் குசினிக்குள் வருவார். வந்த பிறகு எதற்கு வந்தேன் என்று என்னையே கேட்பார். மன்னாரில் கடலுக்குப் போனவர், இந்த நாட்டுக்கு வந்து டண்டினொங்கில் கிடங்கு ஒன்றில் இருபது வருடம் போர்க்லிஃப்ட் ஓட்டியவர். தமிழ்ப் பூசையில் இவர் பாட்டு எடுத்தால் கோயிலில் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். அப்படிப்பட்டவருக்குப் புரொஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல்தான் வீடு முழுக்க நடந்தார்.

எங்கள் செபக்கூட்டத்தில் ஒரு வழக்கம். வீட்டுக்கு வீடு மாறிச் செபமாலை சொல்வோம். யாருக்காவது சுகமில்லை என்றால் ஆளின் பெயரையும் வருத்தத்தின் பெயரையும் சத்தமாகச் சொல்லித்தான் மன்றாடுவார்கள். வருத்தத்தைச் சொல்லாவிட்டால் கடவுளுக்கு விளங்காதோ என்னவோ! "கிறகோரி நல்லா மெலிஞ்சு போனார். என்ன வருத்தமாம்?" என்று கூட்டத்தை நடத்தும் பிலோமினா அக்கா கேட்டார். நான் வாய் திறக்க முன்னமே இவர் முந்திக்கொண்டார்.

"கிட்னியில கல்லு, அக்கா."

அன்றிலிருந்து முழுக் கூட்டமும் இல்லாத கல்லுக்காக முழங்காலில் நின்றது. செபத்தோடு விட்டார்களா? வாழைத்தண்டுச் சாறு வந்தது. நெருஞ்சி முள் அவித்த தண்ணீர் வந்தது. பார்லித் தண்ணீர் பானை பானையாக வந்தது. ஏற்கெனவே ஒன்றுக்குப் போய்ப் போயே களைத்த மனிதருக்கு! குடிக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, கொண்டுவந்தவர்களுக்கு முன்னாலேயே குடித்தார். குடித்துவிட்டு ஓடினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"உண்மையைச் சொன்னா என்னப்பா? களவே எடுத்தனீங்கள்?"

"அந்த இடத்து வருத்தமடி, அன்னமலர். ஆடின ஆட்டத்துக்கு வந்தது எண்டுவாங்கள். இனி இவன் ஆம்பிளையோ எண்டு கேப்பாங்கள். நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனை அடக்கி வைக்க ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு இவருக்குத் திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து அதற்கு முன்னால் நிற்பார். மாதவிடாய் நின்ற காலத்தில் எனக்கு வந்த அதே சூடுதான். அப்போது என்னைப் பார்த்துக் கேலி பண்ணியவர் இவர். நான் கேலி பண்ணவில்லை. விசிறிவிட்டேன். பாவம், மனுசன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. நோய் எலும்புக்குப் போய்விட்டது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே, குடும்பத்தில் வேறு ஆருக்கும் இது இருந்ததா என்றும் கேட்டார். "எங்கட பரம்பரையிலயே இல்லை" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார். சகோதரர்களுக்கும் வரக்கூடிய நோய் இது, உடனே இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சகோதரம் என்று இருப்பது ஒரே ஒரு தம்பி, சிட்னியில் இருக்கும் எறிக். அவருக்குச் சொல்லுங்கோ என்று நான் நச்சரிக்க, நாளைக்கு, நாளைக்கு என்று இவர் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார். அந்தப் பிள்ளையின் உடம்பிலும் இது சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தால்?

அண்ணனுக்குக் கல்லாம் என்று கேள்விப்பட்டு எறிக்கே பார்க்க வந்துவிட்டார். வந்து இரண்டு நாள். கிரிக்கெட் கதைத்தார்கள், வீட்டு விலை கதைத்தார்கள், ஊரில் நடக்கும் மடு மாதா திருவிழா கதைத்தார்கள். இவர் அந்தக் கதையை மட்டும் எடுக்கவேயில்லை. எறிக் விமானத்துக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போடக் குனிந்தபோது என் பொறுமை போய்விட்டது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லவோ?"

இவர் என்னை முறைத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, "எறிக், எனக்குக் கல்லு இல்லையடா" என்றார். "புரொஸ்டேட்டில கான்சர். எலும்புக்கும் போட்டுது. உனக்கும் வரலாமாம். போன உடன இரத்த ரெஸ்ற் எடு."

எறிக் ஒற்றைச் சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டார்.

"எனக்கும் வந்ததண்ணை" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முதல் வெட்டி எடுத்துப்போட்டாங்கள். இப்ப ஒண்டுமில்லை. அண்ணைக்குக் கட்டாயம் சொல்லு எண்டு டொக்டர் அப்பவே சொன்னவர். எனக்கு வெக்கமாக் கிடந்தது."

கர்த்தரே! இரண்டு வருடம்! அப்போது சொல்லியிருந்தால் இவருடையதையும் நேரத்தோடு கண்டு வெட்டி எறிந்திருக்கலாமே. "ஒரு போன் எடுக்க ஏலாமப் போச்சோ உமக்கு? வெக்கமாம், வெக்கம்!" என்று நான் கத்தினேன். எறிக் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

இவர் பக்கத்தில் போய் இருந்து தம்பியின் முதுகைத் தடவினார். "விடடா. நான் மட்டும் திறமே? இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லாமத்தானே இருந்தனான்."

பிறகு இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒன்றுக்குப் போவதைப் பற்றி, கசிவதைப் பற்றி, வியர்வையைப் பற்றி, பெண்சாதிக்கு முன்னால் கூனிக் குறுகுவதைப் பற்றி. நடுநடுவே சிரித்தார்கள் கூட. விமானம் போய்விட்டது. அன்று பின்னேரம் முழுவதும் இவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இவர் தம்பியை மன்னித்துவிட்டார். என்னால் முடியவில்லை. எனக்கு என் மனுசன் வேண்டும்.